உள்ளே இருந்தவருக்கு வந்த கடதாசிகள்

யாழ்ப்பாணத்தில் அயல் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. கறி வந்த கிண்ணம் என்றால், கழுவித் துடைத்து இரண்டு வாழைப்பழமாவது ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் போகும். எவ்வளவு போகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா எண்ணினார்.

என் மனைவி ஏழு மோதகம் அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்து நத்தார்ப் பண்டிகைக்கு அதே பாத்திரத்தில் ஏழு துண்டு கேக் வந்தது. தற்செயல் என்று நினைத்தோம். அடுத்த முறை மனைவி வேண்டுமென்றே பதினொரு பனங்காய்ப் பணியாரம் அனுப்பினாள். பதினொரு துண்டு றொட்டி வந்தது. பன்னிரண்டாவது துண்டை அவர் வெட்டி எடுத்துவிட்ட தடம் ஓரத்தில் தெரிந்தது.

"உந்த மனிசி எங்களைச் சோதிக்குதோ, நாங்கள் அவவைச் சோதிக்கிறமோ?" என்று மனைவி சிரித்தாள்.

அது கஞ்சத்தனம் இல்லை. முப்பது வருடம் ஒரு பிரக்கிராசியாரின், அதாவது வழக்கறிஞரின், கந்தோரில் காணி உறுதிகளும் வழக்குப் பத்திரங்களும் தட்டச்சுச் செய்தவர் அவர். அந்தத் தொழிலில் இருந்து அவர் கொண்டுவந்த வாசகம் ஒன்று இருந்தது. "மூலத்திலை உள்ளதுதான் பிரதியிலையும் இருக்கவேணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது." மனிதர்களோடும் அவர் அப்படித்தான் நடந்தார். கரவெட்டியில் அவருடைய தங்கையின் கணவர் இறந்தபோது, நகரத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போனாராம். சில வருடம் கழித்து அந்த உறவினரின் வீட்டில் சாவு. நானும் அக்காவும் ஒரே ஓட்டோவில் போனோம். பெட்டிக்கு அருகே கதிரையில் அமர்ந்தார், கையைக் கோத்துக்கொண்டார், ஒரு பாட்டுக்கும் வாய் திறந்தார். பத்தாவது நிமிடம் எழுந்தார். பாட்டு பாதியில் இருந்தது.

அவரை நான் முதலில் கண்டது அவருடைய வீட்டுக்கு வெளியே.

கொழும்புத்துறையில் நான் வாடகைக்கு வந்தபோது பக்கத்து வீட்டில் வேறொருவர் குடியிருந்தார். தெல்லிப்பழைக்காரர். அவருடைய காணி இராணுவப் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. தானும் இடம்பெயர்ந்து வந்து, ஆட்கள் இல்லாத இந்த வீட்டைத் திறந்து குடும்பத்தோடு இருந்துவிட்டார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் பாதி ஊர் மற்றப் பாதியின் வீட்டில் இருந்தது. குறை, வீட்டுக்காரி திரும்பி வந்த பிறகு தொடங்கியது.

அக்கா தாயோடு வன்னிக்குப் போனவர். யுத்தம் முடிந்து தனியே திரும்பினார். கரவெட்டியில் தங்கை வீட்டில் ஒரு அறை கிடைத்தது. அங்கிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை இரண்டு பஸ் ஏறி வந்து தன் வீட்டு வெளிவாசல் படலையில் நிற்பார். கறுப்புக் குடை, தோளில் பழைய தோல் பை. உள்ளே இருந்தவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். படலையைத் திறக்க மாட்டார். நான் எங்கள் வேலிக்கு இப்பால் நின்று கேட்டிருக்கிறேன்.

"உறுதி கொண்டந்தனீரோ?"

"ஓம், இந்தாங்கோ."

"இது பிரதியெல்லோ. மூலம் எங்கை?"

அடுத்த மாதம் மூலத்தைக் கொண்டுவந்தார். உள்ளே இருந்தவர் அதைக் கையில் வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணாடி போடேல்லை. அடுத்த சனி வாரும்."

இப்படி நாலு வருடம். நான் ஒரு முறை, வந்து எங்கள் வீட்டில் இருங்கள் என்று கூப்பிட்டேன். "என்ரை வீட்டுக்கு முன்னாலை நிக்கிறன், தம்பி. இதுக்கு ஏன் பக்கத்து வீட்டிலை இருப்பான்?" என்றார். அதன் பிறகு சனிக்கிழமைகளில் நான் தலையை மட்டும் அசைத்தேன். அவரும் அசைத்தார்.

அந்த நாலு வருடத்தில் அந்தப் படலைக்கு மேலால் அவருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. பள்ளியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த, உள்ளே இருந்தவரின் இளைய மகள், தகப்பன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஒரு சில்வர் பேணியில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா வாங்கிக் குடித்துப் பேணியைத் திருப்பிக் கொடுத்தார். "ஆரைக் கேட்டுக் குடுத்தனி?" என்று கிணற்றடியில் இருந்து சத்தம் வந்தது. பிறகு அந்தப் பெண் சனிக்கிழமைகளில் வெளியே வரவில்லை.

அக்கா கடிதங்களும் எழுதினார். தானே தட்டச்சுச் செய்து, திகதியிட்டு, பிரதி வைத்துக்கொண்டு. பதில் வரவில்லை. ஏன் என்று உள்ளே இருந்தவர் எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார். "திறக்காத கடிதம் வராத கடிதம், தம்பி. வாசிச்சாத்தானே பதில் எழுதவேணும்?" வேலியில் சாய்ந்து பல்லுக் குத்திக்கொண்டு சொன்னார்.

கடைசியில் வழக்குப் போட்டார் அக்கா. அதற்கு அந்த மனிதர் தயாராக இருந்தார். அடையாள அட்டையில், வாக்காளர் இடாப்பில், கூட்டுறவுச் சங்கத்தில், மோட்டார் சைக்கிள் பத்திரத்தில் எல்லாம் இந்த வீட்டு விலாசத்தைப் பதிந்திருந்தார். இதுவே என் நிரந்தர வதிவிடம் என்று சத்தியக் கடதாசியும் முடித்துக் கொடுத்தார். ஆயினும் உறுதி உறுதிதான். இரண்டு வருடத்தில் அவர் வெளியேற வேண்டிவந்தது. மேன்முறையீடு செய்யலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுவரை விலாசத்தை மட்டும் விட்டுவிடாதே என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர் விடவில்லை. ஆள் கோண்டாவிலில் மூத்த மகள் வீட்டுக்குப் போனார். விலாசம் கொழும்புத்துறையிலேயே இருந்தது.

போகும்போது கதவுகளையும் யன்னல்களையும் நிலையோடு கழற்றிக்கொண்டு போனார். கிணற்றுக் கப்பியையும்.

அக்கா திறப்புக் கொத்து வாங்கிக்கொண்டு வந்த நாளில் திறக்க ஒரு கதவும் இருக்கவில்லை. நானும் உள்ளே போனேன். யன்னல் இருந்த இடங்களில் சதுர வெளிச்சம். குசினியில் சாமான் வைக்கும் றாக்கையில் மட்டும் ஒரு கட்டு இருந்தது. அவருடைய கடிதங்கள். பத்தொன்பது. ஒன்றும் உடைக்கப்படவில்லை. அவர் எண்ணினார், திகதிப்படி அடுக்கினார், எடுத்த இடத்திலேயே வைத்தார். அழவில்லை.

"ஒண்டும் துலையேல்லை," என்றார். "கவனமாத்தான் வைச்சிருக்கிறார்."

அதன் பிறகு அந்த மனிதரை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. "உள்ளுக்கை இருந்தவர்" என்பார்.

மாதம் ஒரு கதவாக வீடு மூடப்பட்டது. கடைசியாக முன்கதவு, வேப்பமரத்தில். அது பூட்டி ஒரு கிழமை இருக்கும், உள்ளே இருந்தவருக்கு ஒரு நீள உறை வந்தது. தெல்லிப்பழையில் விடுவிக்கப்பட்ட அவருடைய தோட்டக் காணி முழுவதும் தனக்கே உரியது என்று அவருடைய தமையனின் மகன் வழக்கறிஞர் மூலம் அனுப்பிய அறிவித்தல் அது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று தெரிந்தது உறையின் மேல் இருந்த பெயர் மட்டும்.

"இந்த விலாசத்தில் இல்லை எண்டு எழுதித் தபால்காரனிட்டைக் குடுத்துவிடலாம் அக்கா," என்றேன்.

"என்ரை கடிதத்தை ஆரும் அப்பிடி எழுதித் திருப்பினவையோ?"

உறை குசினி றாக்கைக்குப் போனது. "அவர் வைச்ச இடத்திலை வைக்கிறன். அவர் திறக்கேல்லை, நானும் திறக்கேன். வந்து படலையிலை நிண்டு கேக்கட்டும், குடுப்பன்."

அவர் சொன்னது உண்மை. அவர் பொய் சொல்வதில்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும். பொய் சொல்லாமல் இருப்பதற்காக அவர் எடுத்த சிரமம் கொஞ்சமில்லை. சந்திக் கடைக்காரர் ஒருநாள், அந்த மனிதர் கோண்டாவிலில் எந்த ஒழுங்கையில் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தார். அக்கா கையை உயர்த்தி மறித்தார். "சொல்லாதையுங்கோ. தெரிஞ்சால், கேக்கிறவைக்குச் சொல்லவேண்டி வரும்."

கேட்பவர் வந்தார். நீதிமன்றக் கட்டளைகளை ஆட்களிடம் சேர்ப்பிக்கும் பிஸ்கால் உத்தியோகத்தர். வெயிலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தோடு படலையில் நின்றார்.

"அம்மா, இவர் இருக்கிறாரோ?"

"இல்லை."

"எங்கை போட்டார்?"

"கோண்டாவில் எண்டு சனம் கதைக்குது. நான் காணேல்லை."

"விலாசம்?"

"எனக்குத் தெரியாது."

"தெரிஞ்ச ஆக்கள் ஆரும்...?"

"அதை அவையிட்டைத்தான் கேக்கவேணும்."

உத்தியோகத்தர் வேலிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு விலாசம் தெரியும். மூத்த மகளின் கலியாணக் காட் எங்கள் மேசை லாச்சியில் இருந்தது. அவர் கேட்பதற்குள் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

அக்கா அவரைக் கூப்பிட்டார். "தம்பி, ஆள் இல்லையெண்டால் கதவிலை ஒட்டலாம். ஆனால் அதுக்கு வேறை கட்டளை எடுக்கவேணும். எடுத்துக்கொண்டு வாரும்."

மூன்று கிழமையில் அவர் எடுத்துக்கொண்டு வந்தார். பசைப் போத்தல் வெயிலில் காய்ந்து கட்டியாகிப் போயிருந்தது. அக்கா உள்ளே போய்க் கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒரு சிரட்டையில் கொண்டுவந்தார். "நாலு மூலையும் வடிவாப் பூசும். காத்துக்குப் பறந்தால் பேந்து ஒட்டேல்லை எண்டுவினம்." புதிய வேப்பமரக் கதவில் அந்தக் கடதாசி மாதக்கணக்காக இருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாம் வாசித்தார்கள். ஒட்டியதை அவரும் வாசித்தார். திறந்திருப்பதை வாசிக்காமல் இருக்க முடியாதே. மழைக்கு முன் கறிக்கத்தியால் மெதுவாகச் சுரண்டி எடுத்து, தட்டி உலர்த்தி, இடையில் வந்த வேறு மூன்று உறைகளோடு றாக்கையில் வைத்தார்.

பிறகு நான் நீதிமன்றச் செய்தி எழுதும் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஆளைக் காணாவிட்டால் நீதிமன்றம் பத்திரிகையிலும் அறிவிக்கச் சொல்லும். ஆறாம் பக்கம், கீழ் மூலை, யாரும் வாசிக்காத எழுத்தளவு. அன்று அச்சுப் படி திருத்தியதும் நான். உள்ளே இருந்தவரின் முதலெழுத்து பிழையாக இருந்தது. அந்த ஓர் எழுத்து பிழையாகவே போயிருந்தால், அது நான் இல்லை என்று அவர் பிறகு வாதாடியிருக்கலாம். நான் அதைத் திருத்தினேன். என் வேலை அது.

அடுத்த நாள் அக்காவின் வீட்டுக்குப் போனபோது அந்த மூலை கத்தரிக்கப்பட்டு மேசையில் இருந்தது. "பிழையில்லாமல் போட்டிருக்கினம்," என்றார். என்னைப் பார்க்காமல்.

வழக்கில் நியாயம் யார் பக்கம் என்று எனக்குத் தெரியாது. அதை விசாரிக்கும் தேவை நீதிமன்றத்துக்கு ஏற்படவில்லை. எதிராளி வரவில்லை என்பதால் ஒருதலையாகத் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பும் அக்காவின் கதவில் ஒரு புதன்கிழமை ஒட்டப்பட்டது. அன்றிலிருந்து பதினான்கு நாளுக்குள் வந்து காரணம் காட்டினால் வழக்கைத் திரும்ப எடுக்கலாம். நான் அந்த வாரம் ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவருடைய கூடத்தில் தேவாலயக் கலண்டர் தொங்கியது. இரண்டு கிழமை தள்ளி ஒரு புதன்கிழமையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம்.

"என்னக்கா அண்டைக்கு?"

"பதினாலு," என்றார்.

பத்தாம் நாள் சனிக்கிழமை. பத்தரை மணி இருக்கும். படலையில் இருவர். ஒருவர் உள்ளே இருந்தவர். தோளெலும்பு சட்டைக்கு மேலால் தெரிந்தது. மற்றவர் இளைய மகள். முப்பதுக்குக் கிட்டிய பெண்ணாகிவிட்டாள். காணியில் தமையன் மகனின் நில அளவையாளர் கட்டை அடித்துக்கொண்டிருந்ததை முதல்நாள்தான் கண்டார்களாம். "கடதாசியெல்லாம் உங்கடை கொழும்புத்துறை வீட்டுக்குத்தானே போனது" என்று அந்த அளவையாளர் சொல்லியிருக்கிறார்.

அக்கா வெளியே வந்தார். படலையின் கொளுக்கியில் கை வைக்கவில்லை.

"அம்மா, என்ரை பேருக்கு ஏதும் கடதாசி வந்ததோ?"

"வந்தது."

"எத்தினை?"

"ஆறு."

அவருடைய முகம் தெளிந்தது. "அதுகளைத் தந்தியள் எண்டால்..."

"அடையாள அட்டை கொண்டந்தனீரோ?"

அவர் சட்டைப் பையில் துழாவி எடுத்து நீட்டினார். அக்கா வாங்கி, பின்பக்கம் திருப்பி, சத்தமாக வாசித்தார். இலக்கம், வீதி, கொழும்புத்துறை.

"இதிலை இந்த வீட்டு விலாசமெல்லோ கிடக்கு. அப்ப நீர் உள்ளுக்கைதான் இருக்கிறீர். உள்ளுக்கை இருக்கிறவர் ஏன் படலையிலை நிண்டு கேக்கிறார்?"

"அம்மா, பழசுகளை விடுங்கோ. நானும் சொந்த இடத்தைப் பறிகுடுத்திட்டு வந்தவன்தானே. இது பிள்ளையின்ரை காணி."

"இதிலை முன்பக்கம் என்ன எழுதியிருக்கு, பாப்பம்," என்றார் அக்கா. மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். சேலைத் தலைப்பில் துடைத்து உறைக்குள் வைத்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

"கண்ணாடி போடேல்லை. அடுத்த சனி வாரும்."

அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது. சொன்னவரே கேட்கும்போது விளங்காமல் இருக்குமா? அட்டையைப் பைக்குள் வைத்தார். மகள்தான் முன்னே வந்து படலைக் கம்பியைப் பிடித்தாள்.

"அன்ரி, அப்பாவை விடுங்கோ. அது எனக்கு எழுதின காணி. அதிலைதான் வீடு கட்ட இருக்கிறம்."

"தெரியும் பிள்ளை. கதவிலை ஒட்டினதிலை கிடந்தது. வாசிச்சனான்."

அக்கா உள்ளே போனார். நான் வேலியில் நின்றபடி, மனம் மாறிவிட்டார், கடதாசிகளை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு சில்வர் பேணி நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்தார். படலைக்கு மேலால் மகளிடம் மட்டும் நீட்டினார். அவள் வாங்கிப் பாதி குடித்தாள். நிறுத்தினாள்.

"நான் அண்டைக்குத் தண்ணி தந்தது உங்களுக்கு நினைவிருக்கோ?"

"இருக்கு. அதுதான் தந்தனான். குடிச்சு முடியும்."

அவள் மீதியையும் குடித்தாள். அக்கா வெறும் பேணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய் வேப்பமரக் கதவைச் சாத்தினார். அறையவில்லை. சாத்தினார்.

நான் சந்தியில் பாண் வாங்கப் போனபோது தகப்பனும் மகளும் பஸ்ஸுக்கு நின்றார்கள். அவர் என் சைக்கிளை மறித்தார். "தம்பி, நீர் கோட்டுச் செய்தி எழுதிறனீர். கையிலை தராத கட்டளை செல்லாதுதானே? கோட்டுக்குப் போக எத்தினை நாள் இருக்கும் எண்டு தெரியுமோ?"

புதன்கிழமை வரை, நாலு நாள். வழக்கு இலக்கமும் நீதிமன்றமும் எனக்குத் தெரியும், விளம்பரத்தில் இருந்தவை. இரண்டையும் சொல்ல ஒரு வசனம் போதும். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடதாசியைப் பாத்தால்தான் சொல்லலாம்," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை படலை திறந்தே இருந்தது. இரண்டு பக்கமும் முழுதாக. அந்த மனிதர் தனியே வந்தார். கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஆறு கடதாசிகளையும் திகதிப்படி அடுக்கி அவர் முன்னால் வைத்தாராம் அக்கா. உறைகள் உடைபடவில்லை. சுரண்டி எடுத்தவற்றில் ஓரம் கிழியவில்லை. கடைசிக் கடதாசி ஒட்டப்பட்ட நாளிலிருந்து அந்த மனிதர் விரல் விட்டு எண்ணினாராம், பதினேழு நாள். பிறகு வழக்குப் பேச அப்புக்காத்துமாரிடம் அலைந்தார். கட்டளை வந்த காலத்தில் தான் அந்த வீட்டில் இல்லை, அது தன் கையில் சேரவில்லை என்று அவர் சொல்ல வேண்டும். அவர் முன்பு முடித்துக் கொடுத்த சத்தியக் கடதாசி அதைச் சொல்ல விடவில்லை. தெல்லிப்பழையில் இப்போது வேறொருவரின் மதில் நிற்கிறது.

இதைப் பிழை என்று நான் எழுதப்போவதில்லை. நாலு வருடம் அந்தக் குடையின் கீழ் நான் நிற்கவில்லை.

ஆனால் கடதாசிகளைக் கொடுத்த அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் மூடி போட்ட ஒரு பாத்திரம். எங்களுடையது இல்லை, அவருடையது. நாங்கள் எதுவும் அனுப்பியிருக்கவில்லை. கொடுப்பதற்கு அவரிடம் எங்கள் கணக்கில் எதுவும் நிலுவை இல்லை. வாங்காமல் அவர் கொடுத்ததை அன்றுதான் கண்டேன். மனைவி மூடியைத் திறந்தாள். பால் ரொபி இனிப்பு, நிறைய.

"இது என்னத்துக்கு அக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். "தம்பி சந்தியிலை வாய் திறக்கேல்லை. கடைக்காரர் சொன்னவர். அதுக்கு."

அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. பாத்திரம் இன்னும் எங்கள் குசினியில் இருக்கிறது. வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அவர் இருந்தபோதே பல தடவை கையில் எடுத்தேன். என்ன போட்டால் அளவு சரியாக வரும் என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.